க்யூவில் நிற்கும் கடிதங்கள்: மெயில் சர்வரைப் பொறுப்பேற்ற ஓர் இளைஞருக்கு



திருப்பூரில் அறுபது பேர் வேலை பார்க்கும் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தின் மெயில் சர்வர் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. லினக்ஸ் மேல் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட், ஒரு ஸ்பேம் வடிகட்டி. முன்பு பார்த்துக்கொண்டவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். பாஸ்வேர்டு எழுதிய ஒரு நோட்டும், எப்போது எழுதியது என்று தெரியாத ஒரு பேக்கப் ஸ்கிரிப்டும்தான் அவர் விட்டுச்சென்றவை. இனி உங்களிடம் மூன்று விதமான புகார்கள் வரும். மெயில் திறக்கவே நேரமாகிறது என்பார் கணக்குப் பிரிவில் ஒருவர். ஸ்பேம் குவிகிறது, பையர் அனுப்பியது மட்டும் வரவில்லை என்பார் மெர்ச்சண்டைசர். போன சீசன் ஆர்டர் மெயில்களைக் காணோம், பேக்கப்பில் இருக்குமா என்பார் முதலாளி.

மூன்றுக்கும் தனித்தனியாகத் தீர்வு தேடுவதுதான் இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களின் முதல் பழக்கம். ஆனால் மூன்றும் ஒரே டிஸ்க், ஒரே நினைவகம், ஒரே டிஎன்எஸ் ஆகியவற்றின் மேல்தான் நிற்கின்றன. ஒன்றில் வந்த கோளாறு இன்னொன்றாக வெளியே தெரியும். பெரிய சேதங்கள் நேர்ந்த இடங்களைத் திரும்பிப் பார்த்தால், சத்தமில்லாமல் எப்போதோ நின்றுபோன ஏதோ ஒன்று அங்கே இருந்திருக்கிறது. அந்தச் சத்தமின்மையைப் பற்றித்தான் இந்தக் கடிதத்தில் அதிகம் இருக்கும்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் நடந்ததை ஒவ்வொரு சர்வர் நிர்வாகியும் ஒரு முறையாவது முழுதாகப் படிக்க வேண்டும். அது மெயில் சர்வரில் நடந்தது அல்ல, புரோகிராமர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளத்தில் நடந்தது. ஆனாலும் உங்கள் மூன்று புகார்களும் அந்த ஒரே இரவில் வரிசையாக வந்தன. மாலையில் ஸ்பேம் ஆட்கள் தளத்தில் குப்பைப் பதிவுகளை உருவாக்கித் தள்ளினார்கள். டேட்டாபேஸ் அந்தச் சுமை தாங்காமல் திணறியது. முதன்மை சர்வரிலிருந்து துணை சர்வருக்குத் தகவல் போவது பின்தங்கி, கடைசியில் நின்றேபோனது. அதைச் சரிசெய்ய உட்கார்ந்த பொறியாளர், இரவு பதினோரு மணி வாக்கில், துணை சர்வரில் இருக்கிறோம் என்று நினைத்து முதன்மை சர்வரில் டேட்டா இருந்த ஃபோல்டரை அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு வினாடியில் நிறுத்தினார். அதற்குள் ஏறக்குறைய 300 ஜிபி இருந்த இடத்தில் 4.5 ஜிபிதான் மிச்சம்.

பரவாயில்லை, பேக்கப் இருக்கிறதே என்று தேடியபோதுதான் விஷயம் தெரிந்தது. தினமும் எடுக்கப்படுவதாக எல்லோரும் நம்பியிருந்த டேட்டாபேஸ் பேக்கப் எடுக்கப்படவே இல்லை. போஸ்ட்கிரெஸ் 9.6 ஓடிக்கொண்டிருந்த இடத்தில் பேக்கப் கருவி மட்டும் 9.2 பதிப்பில் ஓடி, ஒவ்வொரு முறையும் பிழை சொல்லி நின்றிருக்கிறது. அந்தப் பிழையைச் சொல்ல மெயிலும் கிளம்பியிருக்கிறது. ஆனால் அப்படித் தானாகக் கிளம்பும் மெயில்களுக்கு, அனுப்பியவர் உண்மையானவர்தானா என்று சரிபார்க்க உதவும் டிமார்க் அங்கீகாரம் சரியாக அமைக்கப்படாததால், பெறும் பக்கம் அவற்றை ஏற்காமல் தள்ளிவிட்டது. பேக்கப் நின்றதற்கும் அது யாருக்கும் தெரியாமல் போனதற்கும் நடுவே இருந்தது ஒரு மெயில் அமைப்புக் குறை. அந்தப் பொறியாளரே சுமார் ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் கடைசியில் நிறுவனத்தைக் காப்பாற்றியது. அதை மெதுவான டிஸ்க்கிலிருந்து இழுத்துக் கொண்டுவரவே அடுத்த நாள் பெரும்பகுதி போனது. ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான்.

அந்த நிறுவனத்தின் மேல் மரியாதை வரக் காரணம், நடந்த எல்லாவற்றையும் அவர்களே எழுதி வெளியிட்டதும், மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டியதும். உங்கள் அலுவலகத்தில் ஏதாவது கெட்டுப்போகும் நாளில் அதே நேர்மை உங்களுக்கும் வாய்க்க வேண்டும்.

இனி புகாரைக் கேட்கும் விதம். 1990களின் நடுவில் அமெரிக்காவின் வட கரோலைனாவில், ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் மெயிலைக் கவனித்துக்கொண்டிருந்தவர் ட்ரே ஹாரிஸ். புள்ளியியல் துறைத் தலைவர் ஒரு நாள் அவரைக் கூப்பிட்டு, எங்கள் துறையிலிருந்து 500 மைலுக்கு மேல் மெயில் போவதில்லை என்றார். கேட்டதும் யாருக்கும் அபத்தமாகத்தான் படும். ஆனால் புள்ளியியல்காரர்கள் சில நாட்கள் தகவல் சேர்த்து, எந்த ஊருக்குப் போகிறது, எந்த ஊருக்குப் போகவில்லை என்று பார்த்த பிறகுதான் அதைச் சொல்லியிருந்தார்கள். ஹாரிஸ் தானே அனுப்பிப் பார்த்தார். நியூயார்க்குக்குப் போனது, பாஸ்டனுக்குப் போகவில்லை. அட்லாண்டாவுக்குப் போனது, மெம்ஃபிஸுக்குப் போகவில்லை.

காரணம் இதுதான். சர்வரின் இயங்குதளத்தை யாரோ புதுப்பித்தபோது சென்ட்மெயில் 8 போய், அதைவிடப் பழைய சென்ட்மெயில் 5 வந்து உட்கார்ந்துவிட்டது. புதிய பதிப்புக்கு எழுதிய அமைப்புக் கோப்பில் இருந்த நீண்ட பெயர்களைப் பழையது புரிந்துகொள்ளாமல் விட்டுவிட்டது. அதனால் எதிர்ப்பக்கம் பதில் சொல்லக் காத்திருக்கும் நேரம் பூஜ்யமாகிவிட்டது. அந்த இயந்திரத்தில் பூஜ்யம் என்பது நடைமுறையில் மூன்று மில்லிசெகண்ட் அளவுக்கு வந்தது. மூன்று மில்லிசெகண்டில் ஒளி கடக்கும் தூரம் ஏறக்குறைய 900 கிலோமீட்டர், அதாவது 558 மைல். துறைத் தலைவர் சொன்னது கிட்டத்தட்ட அப்படியே சரி. ஹாரிஸ் இதை 2002-இல் எழுதினார். கதை ஓட்டத்துக்காகச் சில விவரங்களைச் சுருக்கியிருப்பதாக அவரே சொல்லியிருக்கிறார்.

உங்களிடம் ஒருவர் ஜெர்மனி பையருக்கு மட்டும் போகவில்லை என்றோ, மதியம் மூன்று மணிக்கு மேல்தான் மெதுவாகிறது என்றோ சொன்னால், அப்படியெல்லாம் இருக்காது என்ற பதில் வாயில் வரும். சொல்லாதீர்கள். அவருக்கு டிஎன்எஸ் தெரியாது, டிஸ்க் தெரியாது. தான் பார்த்ததைச் சொல்கிறார். மூன்று மணி என்றால் மூன்று மணிக்கு என்ன ஓடுகிறது என்று தானாக ஓடும் வேலைகளின் கிரான் பட்டியலைப் பாருங்கள். ஒரு பையருக்கு மட்டும் என்றால், திரும்பி வந்த மெயிலை முழுதாக ஃபார்வர்ட் செய்யச் சொல்லுங்கள், ஸ்கிரீன்ஷாட் போதாது. அதில் உள்ள மூன்று இலக்க எண்ணில்தான் பாதிப் பதில் இருக்கிறது. 4-இல் தொடங்கினால் இப்போது முடியாது, பிறகு வா என்று எதிர் சர்வர் சொல்கிறது. 5-இல் தொடங்கினால் வரவே வேண்டாம் என்கிறது. இந்தப் பாகுபாடு மெயில் பரிமாற்றத்துக்காக ஜான் போஸ்டல் 1982-இல் எழுதிய எஸ்எம்டிபி விதிகளிலேயே இருக்கிறது. இன்றும் அதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை மொழி.

மெதுவாக இருக்கிறது என்ற புகாருக்கு வருவோம். புதிய நிர்வாகிகள் முதலில் பிராசசரைப் பார்க்கிறார்கள். சின்ன மெயில் சர்வரில் பிராசசர் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். காத்திருப்பது டிஸ்க்குக்காக. ஒரு சர்வர் 250 என்று பதில் சொல்லிவிட்டால், அந்தக் கடிதம் இனி என் பொறுப்பு என்று, பதிவுத் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியதற்குச் சமம். அதனால் அப்படிச் சொல்வதற்கு முன், கடிதம் உண்மையிலேயே டிஸ்க்கில் எழுதப்பட்டுவிட்டதா என்று போஸ்ட்ஃபிக்ஸ் ஒவ்வொரு முறையும் உறுதிசெய்துகொள்கிறது. அந்த உறுதிக்கு நேரம் பிடிக்கும். இதற்கு மேல் மெயில்டிர் முறையில் ஒவ்வொரு கடிதமும் ஒரு தனிக் கோப்பு. அறுபது பேர், பத்து வருடம், எதையும் அழிக்காத பழக்கம் என்றால் லட்சக்கணக்கில் கோப்புகள் சேர்ந்திருக்கும். ஆளுக்கொரு கம்ப்யூட்டர், ஆளுக்கொரு செல்போன், இரண்டும் நாள் முழுக்க இணைந்தே இருக்கும்.

ஐயோஸ்டாட் கட்டளையைக் கொடுத்து, டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் விகிதத்தைக் காலை பத்து மணிக்கும் மதியமும் இரவும் குறித்து வையுங்கள். பழைய ஸ்கிரிப்ட் எப்போது ஓடுகிறது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். இரவு இரண்டு மணிக்குத் தொடங்கி நாலு மணிக்கு முடிந்துகொண்டிருந்த பேக்கப், கோப்புகள் பெருகப் பெருக, காலை பதினோரு மணி வரை இழுத்துக்கொண்டே போயிருக்கும். அலுவலகம் நிரம்பிய நேரத்தில் ஒரே டிஸ்க்கைப் பேக்கப்பும் மனிதர்களும் பங்குபோட்டுக்கொள்வார்கள். மெதுவாக இருக்கிறது என்ற புகாரின் வேர் அங்கே பேக்கப்பில் இருக்கும்.

ஸ்பேம் பக்கத்திலிருந்தும் மந்தம் வரும். வைரஸ் தேடும் கிளாம்ஏவி தன் அடையாளப் பட்டியலை நினைவகத்தில் வைத்துக்கொள்ளவே ஒரு ஜிபிக்கு மேல் எடுக்கும். இரண்டு ஜிபி நினைவகம் உள்ள சர்வரில் அதை ஓட்டினால் மற்றவை டிஸ்க்குக்குத் தள்ளப்பட்டு எல்லாமே ஊரும். ஒரு கடிதம் உள்ளே வர வடிகட்டி பல டிஎன்எஸ் கேள்விகள் கேட்கிறது. அனுப்பியவரின் ஐபி, அதன் பெயர், அவர் போலியா என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள், கரும்பட்டியல்கள் என்று நீளும். பதில் சொல்லும் டிஎன்எஸ் சர்வர் தூரத்தில் இருந்து தடுமாறினால் ஒவ்வொரு கடிதமும் தடுமாறும். அதே சர்வரில் அன்பவுண்ட் போல ஒரு டிஎன்எஸ் ரிசால்வரை நிறுவுவது அரை மணி நேர வேலை. அதைவிடக் குறைந்த உழைப்பில் அதிகப் பலன் தரும் மாற்றம் சின்ன மெயில் சர்வரில் அரிது.

இடம் தீர்ந்துவிட்டது என்று பிழை வந்து, பார்த்தால் டிஸ்க்கில் பாதி காலியாக இருந்தால், ஐநோடு எண்ணிக்கையைப் பாருங்கள். எத்தனை கோப்பு வைக்கலாம் என்பதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. மெயில்டிர் அதைத்தான் முதலில் தொடும். இணைப்புகளின் கணக்கும் தெரிந்திருக்கட்டும். டெக் பேக், பிரிண்ட் ஆர்ட்வொர்க் எல்லாம் மெயிலில் ஏறும்போது எழுத்துகளாக மாற்றப்பட்டு மூன்றில் ஒரு பங்கு பருக்கின்றன. போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக அனுமதிக்கும் அளவு சுமார் 10 எம்பி. எனவே எட்டு எம்பி ஆர்ட்வொர்க் போகவில்லை என்ற புகார் நியாயமானது, சர்வரிலும் கோளாறு இல்லை.

விண்டோஸ் பக்கம் எக்ஸ்சேஞ்ச் என்ற மெயில் சர்வரைப் பார்ப்பவர்களுக்கு இந்தப் பின்னல் இன்னும் நேரடியாகத் தெரியும். எக்ஸ்சேஞ்ச் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ஒரு லாக் கோப்பில் எழுதுகிறது. பேக்கப் வெற்றிகரமாக முடிந்தால்தான் பழைய லாக்குகள் நீக்கப்படும். பேக்கப் நின்றுபோய் யாரும் கவனிக்காவிட்டால் லாக்குகள் குவிந்துகொண்டே போகும். டிஸ்க் நிரம்பும், டேட்டாபேஸ் தானே கழன்றுகொள்ளும். அலுவலகத்தில் அதற்குப் பெயர் மெயில் போய்விட்டது. பதறிப்போய் லாக் கோப்புகளைக் கையால் அழிப்பவர்கள் அடுத்த ஆபத்தை அழைக்கிறார்கள். டேட்டாபேஸில் இன்னும் ஏறாத கடிதங்கள் அந்தக் கோப்புகளில்தான் இருக்கலாம். சின்ன நிறுவனங்களுக்காக மைக்ரோசாஃப்ட் விற்ற ஸ்மால் பிசினஸ் சர்வர் 2003 காலத்தில் இன்னொரு சுவரும் இருந்தது. அதன் மெயில் டேட்டாபேஸ் 16 ஜிபியைத் தாண்ட முடியாது. 2005-இல் வந்த சர்வீஸ் பேக் 2 தான் அதை 75 ஜிபி வரை உயர்த்திக்கொள்ள இடம் கொடுத்தது.

பேக்கப் என்றால் என்ன என்பதில் உங்கள் முதலாளிக்கும் உங்களுக்கும் ஒரே எண்ணம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கில் எழுதும் ரெய்டு இருக்கிறதே என்பார்கள் சிலர். ஒரு டிஸ்க் செத்தால் ரெய்டு காப்பாற்றும். யாரோ ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். இன்னொரு சர்வருக்கு ஒத்திசைப்பதும் அப்படித்தான், தவறுகளையும் விசுவாசமாக நகலெடுக்கும்.

இதற்குக் கூகுளே சாட்சி. 2011 பிப்ரவரி இறுதியில், சேமிப்பு மென்பொருளின் புதுப்பிப்பு ஒன்றில் இருந்த பிழையால், ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 விழுக்காட்டினரின் பெட்டிகள் காலியாகத் தெரிந்தன. கூகுள் ஒவ்வொரு கடிதத்தையும் பல இடங்களில் பிரதியெடுத்து வைத்திருந்தது. பிழை அவற்றில் பல பிரதிகளைத் தொட்டது. கடைசியில் அவர்கள் போய் நின்ற இடம் காந்த நாடா. நெட்வொர்க்கோடு சேராமல் தனியே வைக்கப்பட்டிருந்த நாடாக்களிலிருந்து கடிதங்களைத் திரும்ப எடுத்தார்கள். உலகின் மிகப் பெரிய மெயில் நிறுவனங்களில் ஒன்றுக்கே ஒரு பிரதி எட்டாத தூரத்தில் தேவைப்பட்டது என்றால், திருப்பூர் அலுவலகத்துக்கும் தேவை. மாதம் ஒரு முறை கழற்றி வேறு கட்டடத்தில் வைக்கும் ஒரு ஹார்டு டிஸ்க் அந்த வேலையைச் செய்யும். சர்வரின் பாஸ்வேர்டு கையில் கிடைத்த ஒருவனால் அழிக்க முடியாத பிரதி என்பதுதான் அளவுகோல்.

எதையெல்லாம் எடுப்பது? கடிதங்களை எல்லோரும் எடுக்கிறார்கள். விட்டுப்போவது போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் அமைப்புக் கோப்புகள், பயனர் பட்டியல், மாற்றுப் பெயர்கள், டிகேஐஎம் ரகசியச் சாவி, டிஎன்எஸ் பதிவுகளின் பிரதி. இவை எல்லாம் சேர்ந்தாலும் ஒரு பென்டிரைவில் மூலையில் அடங்கிவிடும். இவை இல்லாமல் 400 ஜிபி கடிதங்கள் மட்டும் கையில் இருந்தால், இரண்டு நாட்கள் கூடுதலாகத் தலையைப் பிய்த்துக்கொள்ள நேரும்.

பேக்கப்பை நம்ப ஒரே வழி, அதிலிருந்து எடுத்துப் பார்ப்பது. மாதம் ஒரு நாள், ஒரே ஒருவருடைய பெட்டியை வேறு இடத்தில் மீட்டெடுங்கள். நடுவில் ஒரு வருடத்தைத் தேர்ந்தெடுத்து, பேக்கிங் லிஸ்ட் இணைப்புள்ள ஒரு கடிதத்தைத் திறந்து பாருங்கள். எவ்வளவு நேரம் பிடித்தது என்று எழுதி வையுங்கள். நேரக் கணக்கு முக்கியம். 400 ஜிபி பேக்கப் இணையத்தில் எங்கோ இருக்கிறது, அலுவலக இணைப்பு 20 எம்பிபிஎஸ் என்றால், தடையில்லாமல் இறங்கினாலும் 44 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஷிப்மெண்ட் வாரத்தில் அந்த இரண்டு நாட்கள் என்னவாகும் என்று முதலாளியிடம் இப்போதே பேசுங்கள். ஒருவேளை பக்கத்திலேயே இன்னொரு பிரதி வைக்க அவர் அன்றே பணம் ஒதுக்குவார்.

சர்வர் விழுந்துவிட்ட நாளில் பதற்றத்தைக் குறைக்கும் ஓர் உண்மை உண்டு. உங்கள் சர்வர் பதில் சொல்லவில்லை என்றால் அனுப்பியவரின் சர்வர் கடிதத்தைத் தூக்கி எறிவதில்லை. தன் க்யூவில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக ஐந்து நாட்கள் முயலும். எனவே ஒரு நாள் அணைந்து கிடந்த சர்வரால் வரவேண்டிய கடிதங்கள் பெரும்பாலும் தாமதமாகுமே தவிரத் தொலையாது. தொலைவது எப்போது என்றால், அவசரத்தில் ஒரு புதிய சர்வரை எழுப்பி, பயனர் பட்டியலை ஏற்றுவதற்கு முன்பே அதைத் திறந்துவிடும்போது. அப்படி யாரும் இங்கே இல்லை என்று 550 பதில் போகும், கடிதம் நிரந்தரமாகத் திரும்பிப் போகும், பையரின் வாங்கும் பிரிவில் ஒருவர் உங்கள் நிறுவனம் மூடிவிட்டதோ என்று யோசிப்பார். போஸ்ட்ஃபிக்ஸில் சாஃப்ட் பவுன்ஸ் என்ற ஓர் அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால், சர்வர் தானே தரும் நிரந்தர மறுப்புகள் தற்காலிக மறுப்புகளாக மாறும். புதிய சர்வரைத் திறக்கும் முதல் மணி நேரங்களில் அது இருக்கட்டும், எல்லாம் சரி என்று தெரிந்ததும் எடுத்துவிடுங்கள்.

ஸ்பேம் இணையத்தைவிட மூத்தது. 1978 மே மாதம் டிஜிட்டல் எக்விப்மெண்ட் கார்ப்பரேஷன் நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி துர்க், புதிய கம்ப்யூட்டர் மாடல்களைக் காட்டும் கூட்டத்துக்கு அழைத்து, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினார். அதற்குப் பிறகு வந்த வடிகட்டிகளின் வரலாறு முழுக்க ஒரு பாடம் இருக்கிறது: ஒரு முறை அமைத்துவிட்டு மறந்த விதி, பல வருடங்கள் கழித்து நல்ல கடிதங்களைக் கொல்லும்.

ஓஆர்டிபி என்ற கரும்பட்டியல் 2006 டிசம்பரில் மூடப்பட்டது. மூடிய பிறகும் உலகெங்கும் பல சர்வர்கள் அதையே கேட்டுக்கொண்டிருந்தன. 2008 மார்ச்சில் அது, கேட்கப்பட்ட எல்லா ஐபிக்கும் ஆம், பட்டியலில் இருக்கிறது என்று பதில் சொல்லத் தொடங்கியது. அமைப்புக் கோப்பில் அந்த ஒரு வரியை நீக்காதவர்களுக்கு அன்று மெயில் நின்றது. 2010 ஜனவரி 1 அன்று ஸ்பேம்அசாசின் என்ற வடிகட்டியில் இன்னொன்று வெடித்தது. வெகுதூர எதிர்காலத் தேதி போட்ட கடிதங்களைச் சந்தேகிக்கும் ஒரு விதி அதில் இருந்தது. எழுதப்பட்ட காலத்தில் 2010 வெகுதூரமாகத் தெரிந்திருக்கிறது. புத்தாண்டு பிறந்ததும் உலகத்தின் எல்லாக் கடிதங்களும் அந்த விதியில் சிக்கிக் கூடுதல் புள்ளிகள் வாங்கின. 2022 ஜனவரி 1 அன்று எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 சர்வர்களில், வைரஸ் வடிகட்டியின் பதிப்பு எண் 2201010001 என்று ஆனது. அதை வைத்துக்கொள்ள ஒதுக்கிய இடத்தின் உச்சவரம்பு 2147483647. வடிகட்டி விழுந்தது, கடிதங்கள் க்யூவில் நின்றன, நிர்வாகிகள் விடுமுறை நாளில் ஓடினார்கள்.

இதேபோன்ற ஒன்று இன்றும் உங்கள் சர்வரில் இருக்கலாம். ஸ்பேம்ஹாஸ் என்ற கரும்பட்டியலைக் கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் அது உண்மையான பதிலைத் தராது. 127.255.255.254 என்ற பிழைக் குறியைத் தரும். எந்தப் பதில் வந்தாலும் பட்டியலில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும்படி எழுதிய சர்வர், வரும் கடிதங்கள் அத்தனையையும் மறுக்கும். மேலே சொன்ன அன்பவுண்ட் இதற்கும் தீர்வு. மந்தத்துக்காகச் செய்யும் ஒரு வேலை ஸ்பேம் பக்கத்தையும் சரிசெய்கிறது.

வடிகட்டியை இறுக்கச் சொல்லி அலுவலகம் கேட்கும். இறுக்குவதற்கு முன் 2002-இல் புரோகிராமர் பால் கிரஹாம் ஸ்பேமை நிகழ்தகவால் வடிகட்டுவது பற்றி எழுதியபோது வலியுறுத்தியதை நினைவில் வையுங்கள். உண்மைக் கடிதம் ஒன்றை ஸ்பேம் என்று தள்ளுவது, ஒரு ஸ்பேமை உள்ளே விடுவதைவிடப் பலமடங்கு மோசமான தவறு. ஏற்றுமதி அலுவலகத்தில் அந்தத் தவறுக்கு ஓர் ஆர்டரின் விலை உண்டு. அதனால் மறுப்பதென்றால் வாசலிலேயே, அனுப்பியவரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே மறுப்பது நல்லது. உண்மையான ஆளாக இருந்தால் அவருக்குத் தகவல் திரும்பிப் போகும், போன் செய்வார். உள்ளே வாங்கிக்கொண்டு சத்தமின்றி அழிப்பதுதான் எல்லாவற்றிலும் கெட்ட வழி.

வெளியே போகும் ஸ்பேம் இன்னும் ஆபத்து. ஒருவரின் பாஸ்வேர்டு திருடப்பட்டால், ஓர் இரவில் அவர் பெயரில் ஆயிரக்கணக்கான குப்பைகள் கிளம்பும். காலையில் சர்வர் மெதுவாக இருப்பதாகத்தான் புகார் வரும். க்யூவைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். முதலில் க்யூ முழுவதையும் நிறுத்தி வையுங்கள். லாக்கில் எந்தப் பயனர் பெயரில் லாகின் நடந்தது என்று கண்டுபிடித்து, பாஸ்வேர்டை மாற்றி, திறந்திருக்கும் இணைப்புகளைத் துண்டியுங்கள். அந்தப் பெட்டியில் அவருக்குத் தெரியாமல் வைக்கப்பட்ட ஃபார்வர்ட் விதி இருக்கிறதா என்று பாருங்கள். பணம் கேட்கும் மோசடிக்காரர்கள் அதைத்தான் முதலில் வைப்பார்கள். பிறகு குப்பையை மட்டும் நீக்கி நல்ல கடிதங்களை விடுங்கள். கரும்பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி விண்ணப்பிப்பது இவை அனைத்துக்கும் பிறகு. ஓட்டையை அடைக்காமல் விண்ணப்பித்தால் மறுநாளே திரும்பப் பட்டியலில் ஏறுவீர்கள், இரண்டாவது முறை நம்ப மாட்டார்கள். இந்தியாவில் இயங்கும் சர்வருக்குச் சட்டப் பொறுப்பும் இருக்கிறது. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் தந்த உத்தரவின்படி 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும், குறிப்பிட்ட வகை ஊடுருவல்களைக் கவனித்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நான்கு வாரத்தில் லாக்கை அழிக்கும் இயல்பு அமைப்பை இன்றே மாற்றுங்கள்.

நம் கடிதம் ஜிமெயிலில் ஸ்பேம் பெட்டிக்குப் போகிறது என்ற புகார் 2024-க்குப் பிறகு கூடியிருக்கிறது. அந்த ஆண்டு பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் விதிகளை இறுக்கின. நாளுக்கு ஐயாயிரத்துக்கு மேல் அனுப்புகிறவர்களுக்குக் கடுமை அதிகம் என்றாலும், சின்ன அலுவலகத்துக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் இருக்க வேண்டும், ஐபிக்குத் திரும்புப் பெயர் சரியாக இருக்க வேண்டும். எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டையுமே போட்டுவிடுங்கள். எஸ்பிஎஃப் பதிவு பத்து டிஎன்எஸ் தேடல்களைத் தாண்டக் கூடாது. செய்திமடல் சேவை, கணக்கு மென்பொருள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பதினொன்றாவது ஏறும் நாளில் முழுப் பதிவும் செல்லாததாகும். டிமார்க்கை முதலில் கண்காணிப்பு நிலையில் வைத்து, வரும் அறிக்கைகளைச் சில வாரம் படித்த பிறகே இறுக்குங்கள். அந்த அறிக்கையில்தான் உங்கள் பேக்கப் ஸ்கிரிப்ட் அனுப்பும் மெயில் தேறுகிறதா என்பதும் தெரியும். ஆனால் ஓர் எழுத்து மாற்றிப் பதிவுசெய்த போலி டொமைனிலிருந்து வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று பையருக்குப் போகும் மெயிலை டிமார்க் தடுக்காது. அதற்குக் கணக்குப் பிரிவும் பையரும் போனில் பேசி உறுதிசெய்யும் வழக்கம்தான் வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு ஏன் சொந்த சர்வர் என்ற கேள்வியை முதலாளி கேட்டால் நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். அறுபது பேர் அலுவலகத்துக்கு ஜோஹோ, கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்றவர்களிடம் கொடுப்பது பல நேரம் நல்ல முடிவு. ஆனால் கொடுத்துவிட்டால் பேக்கப் கவலையும் போய்விடும் என்று நினைத்துவிடக் கூடாது. 2022 டிசம்பர் 2 அன்று ராக்ஸ்பேஸ் நிறுவனத்தின் ஹோஸ்டட் எக்ஸ்சேஞ்ச் சேவை ரான்சம்வேர் தாக்குதலில் விழுந்தது. வாடிக்கையாளர்கள் வேறு சேவைக்கு மாற வேண்டியிருந்தது, பழைய கடிதங்கள் கைக்கு வர வாரக்கணக்கில் காத்திருந்தார்கள், அந்தச் சேவையே பிறகு நிறுத்தப்பட்டது. தங்கள் கடிதங்களின் ஒரு பிரதியைத் தாங்களே வைத்திருந்தால் அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த வாரமே செய்ய ஒரு காரியம் உண்டு. பேக்கப் தோற்றால் மெயில் வரும் என்ற ஏற்பாட்டை மாற்றி, வெற்றிபெற்றால் தினமும் காலை ஒன்பது மணிக்கு மெயில் வரும்படி செய்யுங்கள். அதில் எத்தனை கோப்பு, எத்தனை ஜிபி, எப்போது முடிந்தது என்று இருக்கட்டும். அந்த மெயில் இந்தச் சர்வரில் இல்லாத ஒரு முகவரிக்கும் போகட்டும். ஒரு நாள் வராவிட்டால் டீ குடிப்பதற்கு முன் ஏன் என்று பாருங்கள். டிஸ்க்கில் எவ்வளவு இடம், ஐநோடு எவ்வளவு, க்யூவில் எத்தனை கடிதம் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடலாம்.

கடைசியாக, அந்தப் பழைய நோட்டில் டொமைன் பெயர் யார் பெயரில், எந்த முகவரியில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் விலகிப்போனவரின் சொந்த மெயிலாக இருக்கும். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல்கள் அவருக்கே போய்க்கொண்டிருக்கும். அது காலாவதியாகும் நாளில் சர்வர் எவ்வளவு நன்றாக ஓடினாலும் ஒரு கடிதமும் வராது. நிறுவனத்தின் பொது முகவரிக்கு மாற்றி, ஐந்து வருடத்துக்குப் பணம் கட்டச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
இதே தொழிலில் இருக்கும் ஒரு மூத்தவர்